ஊசிக்குப் பின் கால் மரத்தால் நஷ்ட ஈடு கேட்கலாமா?



தடுப்பூசி போட்ட பிறகு கை கால் விழுந்து போனால் நஷ்ட ஈடு உண்டா என்று சிகாமட் வட்டாரத் தோட்டங்களில் கேட்கிறார்கள். வழி உண்டு. ஆனால் வாய்ப்பேச்சு செல்லாது, காகிதம் வேண்டும்.

முதலில் நோயைத் தெரிந்துகொள்வோம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோய்க்கு கில்லன் பாரே என்று பெயர். பாதம் மரத்துப்போகும்; பலவீனம் மெல்ல மேலே ஏறும். மூச்சுத் தசையைப் பிடித்தால் உயிருக்கே ஆபத்து. "வாதந்தான், எண்ணெய் தேச்சா போயிடும்" என்று வீட்டில் கிடக்காதீர்கள். அன்றைக்கே சிகாமட் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காலத்தோடு போனவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

இந்நோய் பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்குப் பிறகு வருகிறது. ஊசியால் வருவது அபூர்வம். 1976இல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டவர்களில் லட்சத்துக்கு ஒருவர் கணக்கில் கூடுதலாக வந்தது. அரசாங்கமே நஷ்ட ஈடு கொடுத்தது. பிரிட்டனில் 1979இல் இதற்கென்று சட்டம் வந்தது.

நம் நாட்டில் 2021இல் கோவிட் ஊசிக்கு மட்டும் உதவித் திட்டம் அறிவித்தார்கள். நிரந்தர ஊனத்துக்கும் மரணத்துக்கும் 5 லட்சம் வெள்ளி வரை, நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தால் 50,000 வெள்ளி வரை.

மற்ற ஊசிகளுக்கு கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். நோய் வந்தது என்பது மட்டும் போதாது. தவறான இடத்தில் குத்தி நரம்பு கெட்டது போன்ற கவனக்குறைவை நிரூபிக்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி மீது 36 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். தனியார் கிளினிக் என்றால் 6 ஆண்டு.

ஆகவே இவற்றைப் பத்திரமாக வையுங்கள்:

1. ஊசி கார்டு. தேதி, மருந்தின் பெயர், பேட்ச் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள்.
2. முதலில் மரத்துப்போன தேதி. ஆறு வாரம் கழித்து வந்தால் ஊசியோடு சம்பந்தப்படுத்துவது கஷ்டம்.
3. எம்.சி., டிஸ்சார்ஜ் சீட்டு, நரம்புப் பரிசோதனை அறிக்கை.

இவற்றோடு கிளைச் செயலாளரைப் பாருங்கள். தாமதிக்காமல் வக்கீலிடம் ஆலோசனை கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இதைப் படித்துவிட்டு பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் இருந்துவிடாதீர்கள். இளம்பிள்ளை வாதமும் தொண்டை அடைப்பானும் கொண்டுபோன பிள்ளைகளுக்கு எந்த நஷ்ட ஈடும் ஈடாகாது.