பொதுக் கணினியில் நாம் விட்டுவரும் சுவடுகள்

பட்டா மாறுதலுக்கும் வருமானச் சான்றுக்கும் தாலுகா கச்சேரிக்குப் பலமுறை நடந்த காலம் பெரும்பாலும் கழிந்துவிட்டது. தருமபுரி மாவட்டத்தில் இன்று பென்னாகரத்து விவசாயியும், அரூர்ப் பக்கத்து மலைக் கிராமத்தவரும், பாலக்கோட்டில் தக்காளி பயிரிடுவோரும் இத்தகைய அலுவல்களுக்கு இ-சேவை மையத்தை நாடுகின்றனர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும், அரசு கேபிள் டிவி நிறுவனமும், தனி முயற்சியாளர்களும் இம்மையங்களை நடத்தி வருகின்றனர். மையம் தொலைவில் உள்ள ஊர்களில் ஜெராக்ஸ் கடைக் கணினியே பல வேலைகளுக்கு உதவுகிறது. இவ்வசதியோடு புதிய பொறுப்பு ஒன்றும் நம்மைச் சேர்ந்துள்ளது. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பயிர்க் காப்பீட்டுக்கு மனுச் செய்யும் ஒரு விவசாயி மையத்தில் எவற்றைக் கொடுக்கிறார்? ஆதார் எண், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், சிட்டா, அடங்கல், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் காகிதங்களை மறவாமல் எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். ஆனால் அக்காகிதங்களின் படங்கள் கணினியிலேயே தங்கிவிடக்கூடும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. அடுத்து அக்கணினியின் முன் அமர்பவர் யார் என்பதும் நமக்குத் தெரியாது.

இணையதளங்களைத் திறந்து காட்டும் செயலிக்கு உலாவி அல்லது பிரௌசர் என்று பெயர். குரோம், பயர்பாக்ஸ், எட்ஜ் என்பன இவ்வகையைச் சேர்ந்தவை. உலாவி தன் வேலையை விரைவாகச் செய்யும்பொருட்டுச் சில குறிப்புகளைச் சேர்த்து வைக்கிறது. எந்தெந்தத் தளங்களைப் பார்த்தோம் என்னும் வரலாறு ஒன்று. மறுமுறை விரைந்து காட்டுவதற்காகச் சேமித்த படங்களும் பக்கங்களும் இரண்டாவது. கட்டங்களில் நாம் நிரப்பிய பெயர், முகவரி, எண்கள் மூன்றாவது. சேமிக்கச் சம்மதித்த கடவுச்சொற்கள் நான்காவது. குக்கி எனப்படும் சிறு குறிப்பு ஐந்தாவது.

இவற்றுள் குக்கியைச் சற்று விளங்கிக்கொள்ளுதல் நலம். இது 1994-ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவானது. சினிமாக் கொட்டகையில் இடைவேளையில் வெளியே செல்வோருக்குத் தரும் சீட்டுக்கு இதனை ஒப்பிடலாம். சீட்டைக் காட்டினால் மீண்டும் உள்ளே விடுவார்கள்; அதைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்கமாட்டார்கள். அதுபோலவே நாம் கடவுச்சொல் கொடுத்து நுழைந்த தளம், குக்கி இருக்கும்வரை அக்கணினியில் நமக்காகத் திறந்தே இருக்கக்கூடும். உலாவியை மூடுவதால் மட்டும் அச்சீட்டு செல்லாததாகிவிடும் என்று நம்ப இயலாது. 'வெளியேறு' அல்லது 'லாக் அவுட்' என்பதை அழுத்தி முறையாக வெளியேறுவதே நலம்.

சொந்த வீட்டுக் கணினியில் இக்குறிப்புகள் உதவியாக இருக்கும். பலர் பழகும் கணினியிலோ இவையே தீங்குக்கு வழிகாட்டும்.

உலாவியின் குறிப்புகளைக் காட்டிலும் மிகுந்த கவனத்திற்குரியது பதிவிறக்கம் செய்த கோப்பு. ஆதார் அட்டையைக் கணினியில் இறக்கினால் அக்கோப்பு 'டவுன்லோட்ஸ்' என்னும் பகுதியில் தங்குகிறது. அதற்குக் கடவுச்சொல் உண்டென்பது மெய்யே. ஆனால் அது நம் பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது. நம்மை அறிந்த எவருக்கும் அது எளிதில் விளங்கும். வாட்ஸ்அப் வழியாகக் கடைக்காரருக்கு அனுப்பும் படங்களும் அவர் கைப்பேசியிலும் கணினியிலும் தங்கிவிடுகின்றன.

ஆகவே மையத்தை விட்டுப் புறப்படுமுன் நான்கு காரியங்களைச் செய்தல் வேண்டும். நாமே செய்யத் தெரியாவிடில், அங்குள்ளவரைச் செய்யச் சொல்லி நேரில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலாவது, நம் பெயரில் திறந்த ஒவ்வொரு தளத்திலிருந்தும் முறையாக வெளியேற வேண்டும். 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று உலாவி கேட்டால், வேண்டாம் என்றே விடையளிக்க வேண்டும்.

இரண்டாவது, இறக்கிய கோப்புகளையும் ஸ்கேன் செய்த படங்களையும் அழித்து, 'ரீசைக்கிள் பின்' என்னும் கணினிக் குப்பைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். தொட்டியில் கிடக்கும் கோப்பை எவரும் மீண்டும் எடுத்துவிடலாம்.

மூன்றாவது, விசைப்பலகையில் கண்ட்ரோல், ஷிப்ட், டெலீட் ஆகிய மூன்றையும் சேர்த்து அழுத்தினால், மேலே கூறிய மூன்று உலாவிகளிலும் குறிப்புகளை அழிக்கும் சாளரம் திறக்கும். அதில் 'எல்லா நேரமும்' என்பதைத் தேர்ந்து வரலாறு, குக்கி, சேமித்த பக்கங்கள் ஆகியவற்றை அழிக்கலாம்.

நான்காவது, வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களைக் கடைக்காரரின் கைப்பேசியிலிருந்தும் நீக்கச் சொல்ல வேண்டும்.

'குக்கியை அழித்தால் எங்கள் கணக்குகளிலும் மறுபடி நுழைய வேண்டுமே' என்று மையம் நடத்துவோர் தயங்கக்கூடும். அதற்கும் வழியுண்டு. பொதுமக்கள் தம் கணக்கைத் திறக்கும் வேலைகளைத் தொடக்கத்திலேயே உலாவியின் தனி மறைவுச் சாளரத்தில் செய்யலாம். குரோமிலும் எட்ஜிலும் கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய விசைகள் அதனைத் திறக்கும். அத்தகைய சாளரங்கள் அனைத்தையும் மூடியதும் வரலாறும் குக்கியும் தாமே நீங்கிவிடும். எனினும் இறக்கிய கோப்புகள் நீங்கா. அவற்றைக் கையால்தான் அழிக்க வேண்டும்.

'இவற்றை அழித்தால் நம் மனுவும் அழிந்துவிடுமோ' என்று சிலர் அஞ்சலாம். அவ்வச்சம் வேண்டியதில்லை. அனுப்பிய மனு அரசாங்கத்தின் கணினியில் பதிவாகியுள்ளது. நாம் அழிப்பது மையத்துக் கணினியில் எஞ்சிய சுவடுகளை மட்டுமே. ஒப்புகைச் சீட்டின் எண்ணைப் பத்திரமாக வைத்திருந்தால் போதும்.

முழு எண் தேவைப்படாத இடங்களில், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் 'மறைக்கப்பட்ட ஆதார்' படியைக் கொடுக்கலாம். வங்கிப் பணம் களவு போனதாகத் தெரிந்தால், காலந்தாழ்த்தாது வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ஆதார் பற்றிய உதவிக்கு 1947 என்னும் எண் உள்ளது.

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. பட்டணத்தாருக்கு உள்ள அவ்வுரிமை மலைக் கிராமத்து விவசாயிக்கும் உண்டு. ஆனால் எழுத்தறியாதவரும் முதியவரும் தாமாக அதனைக் காத்துக்கொள்ள இயலாது. ஊர்தான் துணைநிற்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர்களாய் இருப்போரும் இருந்தோரும் இதில் முன்நிற்கலாம். கிராம சபை கூடும் நாள்களில் இதனை ஒரு பொருளாக எடுத்துப் பேசலாம். மேலே கூறிய நான்கு காரியங்களையும் பெரிய எழுத்தில் எழுதி மையத்தின் சுவரில் ஒட்டச் செய்யலாம். அன்றாடம் மாலை மையத்தை மூடுமுன், அன்று சேர்ந்த கோப்புகளில் வைத்திருக்கத் தேவையற்றவற்றை அழிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். இதற்குப் பணச்செலவு இல்லை. சில நிமிடங்களே பிடிக்கும். நிலத்திற்கு வேலி கட்டும் நாம், அந்நிலத்தின் பத்திரங்களுக்கும் பணத்திற்கும் இந்த வேலியைக் கட்டிக்கொள்வோமாக.