ஊர் விருந்திற்கு எலுமிச்சைப் பால்கட்டி இனிப்பு

ஆரணி வட்டாரத்துச் சிற்றூர்களில் தறியோடு கறவை மாடும் வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உண்டு. அவ்வூர்களில் பொதுவிருந்து நிகழும்போது, உள்ளூர்ப் பாலைக் கொண்டே சத்துள்ள இனிப்பொன்று செய்யலாம். மேல்நாட்டாரின் ‘சீஸ் கேக்’கிற்கு இணையாக, ஒடிசாவில் ‘சேனா போடா’ என்னும் பண்டம் வழங்குகிறது. நயாகர் மாவட்டம் இதற்குப் பெயர் பெற்றது. அதனை எலுமிச்சை மணத்துடன் நூறு பேருக்குச் செய்யும் முறை வருமாறு:

பசும்பால் 20 லிட்டர், எலுமிச்சம்பழம் ஏறக்குறைய 25, சர்க்கரை 1¼ கிலோ, ரவை 250 கிராம், சிறிது நெய், ஏலக்காய் ஆகியவை தேவை.

முதலில் சில பழங்களின் மேல்தோலை மட்டும் துருவி வைத்துக்கொள்க. உள்ளிருக்கும் வெண்பகுதி கசக்கும். பின்னர்ச் சாறு பிழிந்து, சம அளவு நீர் கலந்திடுக. பால் பொங்கியதும் இறக்கி, கொதி அடங்கியபின் சாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுக. திரிந்த நீர் தெளிந்தவுடன் நிறுத்திவிட வேண்டும். மிகுந்தால் பால்கட்டி கடினமாகிப் புளிக்கும். நம்மூர் பட்டுக்குப் பெயர் பெற்றதாயினும், வடிகட்ட ஏற்றது தூய பருத்தித் துணியே! சுமார் 3½ கிலோ பால்கட்டி கிடைக்கும்.

அதனுடன் சர்க்கரை, ரவை, ஏலப்பொடி, துருவிய தோல் சேர்த்து நன்கு பிசைக. நெய் தடவி வாழையிலை பரப்பிய நான்கு பாத்திரங்களில் இரண்டு அங்குல உயரத்திற்கு நிரப்புக. அவற்றை மணல் பரப்பிய அண்டாக்களுள் வைத்து மூடி, கீழே மிதமான நெருப்பும் மூடிமேல் தணலும் இடுக. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் மேற்புறம் சிவக்கும். குச்சியால் குத்தினால் மாவு ஒட்டலாகாது. ஆறியபின் ஆளுக்கு 50 கிராம் வீதம் வெட்டலாம்.

ஈயம் பூசாத பித்தளை, செம்புப் பாத்திரங்களில் பாலைத் திரிக்கவே கூடாது. எலுமிச்சைப் புளிப்பு செம்பைக் கரைத்துக் குமட்டலும் வாந்தியும் உண்டாக்கும். ஒரு சிற்றூர் விழாவில் இவ்வாறு திரித்த 20 லிட்டர் பாலையும் கொட்ட நேர்ந்ததை யான் கண்டிருக்கிறேன். பல வீட்டுக் கறவை ஒரு நொடியில் வீணாயிற்று! எவர்சில்வர் பாத்திரமே ஏற்றது. செய்த பண்டத்தை அன்றே பரிமாறுக; மறுநாளைக்கு வைக்கலாகாது.

வடித்த நீரிலும் புரதம் உண்டு. சப்பாத்தி மாவு பிசைய அது உதவும். ஊராட்சி உறுப்பினர்கள் விருந்துக்கு முன்பே பாத்திரங்களைப் பார்வையிடுவார்களாக. உழைத்துக் கறந்த பால் ஊராரின் உடலில் சேர்வதே நமக்கு மகிழ்ச்சி.