சகோதரியர் சங்கங்களும் ஒரு சோதனை ஆண்டும்

அமெரிக்கக் கல்லூரிகளில் பயிலும் பெண்கள் தங்களுக்குள் அமைத்துக்கொள்ளும் ஒருவகைச் சங்கத்திற்குச் 'சொராரிட்டி' என்று பெயர். சகோதரியைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது அது. 1882-ஆம் ஆண்டில் அப்பெயரை ஆக்கித் தந்தவர் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்த பிராங்க் ஸ்மாலி என்னும் பேராசிரியர். ஆனால் பெயருக்கு முந்தியது சங்கம். 1851-ஆம் ஆண்டிலேயே ஜார்ஜியா மாநிலத்து மேக்கன் நகரில், வெஸ்லியன் பெண்கள் கல்லூரியில் அடெல்பியன் சங்கம் தோன்றிவிட்டது. 1867-இல் இல்லினாய் மாநிலத்து மன்மத் கல்லூரியில் 12 மாணவிகள் கூடி மற்றொன்றைத் தொடங்கினார்கள். ஆண்களுக்கென்றே எழுந்த கல்வி உலகில் அடியெடுத்து வைத்த பெண்களுக்கு ஒருவருக்கொருவர் துணை வேண்டியிருந்தது. அந்தத் தேவையே இச்சங்கங்களின் வித்து.

பெண்கள் கல்லூரி விடுதி ஒன்றில் பல ஆண்டுகள் காப்பாளராக இருந்தவள் நான். ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பெண்கள் பிரிந்து சென்ற பின், சிலருடைய நட்பு நிலைத்து நிற்பதையும் சிலருடையது சில மாதங்களிலேயே தேய்ந்து போவதையும் கண்டிருக்கிறேன். இந்த வேறுபாடு எதனால் வருகிறது? 2020-ஆம் ஆண்டில் அச்சங்கங்களுக்கு நேர்ந்த சோதனை இக்கேள்விக்கு ஒருவகையில் விடை கூறுகிறது.

முதலில் சங்கம் எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பல கல்லூரிகளில் ஒவ்வொரு கிளைக்கும் சொந்தமாக ஓர் இல்லம் உண்டு. உறுப்பினர் பலர் அங்கேயே தங்கி உண்பர். கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய மாணவிகள் இல்லம் இல்லமாகச் சென்று மூத்தவர்களுடன் உரையாடுவர். அதன் பின்னரே யார் எந்தச் சங்கத்தில் சேர்வது என்பது முடிவாகும். சேர்ந்த ஒவ்வொருத்திக்கும் மூத்த மாணவி ஒருத்தி 'அக்கா'வாக அமைவாள். வாரந்தோறும் கூட்டம் நடைபெறும். தலைவி, செயலாளர், பொருளாளர் எனப் பொறுப்புகள் உண்டு. படிப்பு முடிந்தாலும் உறுப்பினர் உரிமை முடிவதில்லை; ஊர்தோறும் பழைய மாணவியரின் கிளைகள் இருக்கின்றன.

2020 மார்ச் 11-ஆம் நாள் உலகச் சுகாதார நிறுவனம் கொரோனா நோயைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அதற்கு முதல் நாளே ஹார்வர்டு பல்கலைக்கழகம் தன் விடுதி மாணவர்களை ஐந்து நாட்களுக்குள் வெளியேறச் சொல்லியிருந்தது. ஏனைய கல்லூரிகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. ஆகஸ்டில் மீண்டும் திறந்த இடங்களிலும் நிலைமை சீராகவில்லை. வட கரோலினாப் பல்கலைக்கழகம் சேப்பல் ஹில்லில் வகுப்புகளைத் தொடங்கி, ஒரே வாரத்தில் இளநிலை வகுப்புகளைக் கணிப்பொறித் திரைக்கு மாற்ற வேண்டியதாயிற்று. செப்டம்பர் தொடக்கத்தில், இண்டியானாப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஏறத்தாழ 40 சங்க இல்லங்களுள் 30 இல்லங்கள் தனிமைப்படுத்தப்பட்டன. மாணவர் சங்கங்கள், மாணவியர் சங்கங்கள் ஆகிய இரண்டின் இல்லங்களும் அவற்றுள் அடங்கும். எந்த இல்லம் உறவுக்கு அடையாளமாக இருந்ததோ, அந்த இல்லமே இப்பொழுது அபாயமாகிவிட்டது. ஒன்றாக உண்பதும் உறங்குவதும் நோய்க்கு வழி திறப்பதாயின.

இழந்தது கேளிக்கை மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வாண்டு ஜூன் இறுதியில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கில், 18 முதல் 24 வயதுக்கு உட்பட்டோரில் நூற்றுக்கு 25 பேருக்கு மேல், முந்தைய 30 நாட்களுக்குள் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றித் தீவிரமாக எண்ணியதாகக் கூறினர். உன்னை விசாரிக்க ஒருவர் இருக்கிறார் என்ற உணர்வு இத்தகைய காலத்தில் ஓர் ஆடம்பரம் அன்று.

சங்கங்கள் என்ன செய்தன? வாரக் கூட்டத்தை 'ஸூம்' என்னும் காணொளி வழியே நடத்தின. அலபாமாப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் புதிய மாணவியரைச் சேர்க்கும் நிகழ்ச்சியும் அவ்வாறே நடந்தது. நேரில் ஒருமுறையும் கண்டறியாதவர்கள் சகோதரியர் ஆனார்கள். ஆனால் பெரிய கூட்டத்திற்கு ஒரு குறையுண்டு. நூறு முகங்கள் சிறுசிறு கட்டங்களாகத் தோன்றும் திரையில் ஒருத்தி வராமற்போனால் அதைக் கவனிப்பவர் எவர்? எல்லோரும் எல்லோரையும் விசாரிக்கலாம் என்ற ஏற்பாட்டில், எவரும் எவரையும் விசாரிக்காமல் போவதே பெரும்பாலும் நடக்கும். அக்கா-தங்கை என்னும் பழைய ஏற்பாட்டின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. இவளை விசாரிப்பது உன் கடமை என்று ஒருத்தியிடம் ஒருத்தியை ஒப்படைத்துவிட்டால், தொலைபேசி மணி கட்டாயம் ஒலிக்கும். கூட்டம் நினைவை வளர்க்கும். உறவைக் காப்பதோ குறிப்பிட்ட ஒருவரின் பொறுப்பு. நான் கண்ட விடை இதுவே.

இவ்வுண்மையை அச்சங்கங்கள் 2020-இல் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. 1882-ஆம் ஆண்டிலேயே 'கப்பா கப்பா காமா' சங்கம் தனக்கென ஓர் இதழைத் தொடங்கி, தொலைவிலிருந்த கிளைகளை அதன் வழியே இணைத்தது. சுற்றுக் கடிதம் என்றொரு வழக்கமும் உண்டு. ஒருத்தி எழுதி அடுத்தவளுக்கு அனுப்ப, அவள் தன் கடிதத்தையும் சேர்த்து மூன்றாமவளுக்கு அனுப்புவாள். எவளிடம் கடிதம் தங்கிவிட்டது என்று கேட்டாலே, எவளுக்கு என்ன துன்பம் என்பது தெரிந்துவிடும்.

கறுப்பினப் பெண்களின் சங்கங்களில் இப்பிணைப்பு இன்னும் ஆழமானது. வாஷிங்டன் நகரத்து ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1908-ஆம் ஆண்டில் தோன்றிய 'ஆல்பா கப்பா ஆல்பா' அவற்றுள் மூத்தது. பொருளாதார மந்தத்தால் நாடே வாடிய 1935-இல், அச்சங்கத்து உறுப்பினர்கள் டாக்டர் டாரத்தி பெரபீயின் தலைமையில் மிசிசிப்பி மாநிலத்து ஹோம்ஸ் மாவட்டத்திற்குச் சென்றார்கள். கூலித் தொழிலாளர்கள் மருத்துவ முகாமுக்கு வருவதைத் தோட்ட முதலாளிகள் தடுத்தபோது, முகாமையே மோட்டார் வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்குப் போனார்கள். குழந்தைகளுக்கு அம்மை நோய்க்கும் தொண்டை அடைப்பான் நோய்க்கும் எதிராக ஊசி போட்டார்கள். கோடைதோறும் 1942 வரை இப்பணி நடந்தது. வர முடியாதவர்களிடம் நாமே செல்வோம் என்ற இந்த மனப்பான்மைதான் 2020-இலும் கைகொடுத்தது.

இச்சங்கத்தில் 1986-இல் சேர்ந்தவர் கமலா ஹாரிஸ். தமிழகத்துக் குடும்பத்தில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள். 2020 ஆகஸ்ட் 19-ஆம் நாள், துணைக் குடியரசுத் தலைவர் பதவி வேட்பாளராக அவர் பேசினார். தொற்றின் காரணமாக மண்டபம் பெரும்பாலும் வெறிச்சோடிக் கிடந்தது. தம் குடும்பத்தாரைச் சொல்லி வருகையில் 'சித்தி' என்ற தமிழ்ச் சொல்லை அவர் ஆண்டார். அதே வரிசையில் தம் கல்லூரிச் சங்கத்தையும் குடும்பம் என்றே குறிப்பிட்டார். ஒன்றுகூட முடியாத அக்காலத்தில், தேர்தல் நிதிக்கு 19 டாலர் 8 சென்டு என்ற தொகை ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தது. 1908 என்னும் ஆண்டை நினைவூட்டும் எண் அது!

ஒன்றை மறைப்பது நியாயமாகாது. சகோதரி என்று சிலரை அழைக்கும் சங்கம், வேறு சிலரை வாயிலில் நிறுத்தியும் இருக்கிறது. அலபாமாவில் வெள்ளையர் சங்கங்கள் கறுப்பின மாணவியரை ஒதுக்குவதை 2013-இல் மாணவர் பத்திரிகையே வெளிப்படுத்திற்று. அதன் பின்னரே கதவு சிறிது திறந்தது. 2020 கோடையில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், இத்தகைய சங்கங்களையே ஒழிக்க வேண்டுமென்று உறுப்பினர் பலர் விலகினார்கள். அவர்களுடைய குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது. விசாரிப்பதற்கு ஒரு பட்டியல் வைத்திருக்கும் சங்கம், அப்பட்டியலில் இடம்பெறாதவள் யார் என்றும் கேட்டாக வேண்டும். இடர்க்காலத்தில் ஒருவராலும் விசாரிக்கப்படாதவள் அவளே அல்லவா?

நம் நாட்டு விடுதிகளில் கிரேக்க எழுத்துப் பெயர்கள் இல்லை, தேவையும் இல்லை. விடுமுறைக்கு முந்திய நாளில் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு பெண்ணின் பெயருக்கும் எதிரே அவளை விசாரிக்க வேண்டியவளின் பெயரை எழுதி வைத்தால் போதும். ஒரு பெயரும் விடுபடாமல் இருக்கிறதா என்று மட்டும் இருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.