தெருவே வாய்க்கால்! ஊருணியே உண்டியல்!

கொத்தமங்கலத்தில் மழை பெய்தால் முதலில் நனைவது ஓடு. அப்புறம் தண்ணீர் எங்கே போகும்?

செட்டிநாட்டுப் பெரியவர்கள் இந்தக் கேள்வியை வீடு கட்டுவதற்கு முன்பே கேட்டுக் கொண்டார்கள்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள இந்த ஊர் வானம் பார்த்த பூமி. வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையைத்தான் வருடம் முழுவதும் வைத்துக் கொள்ள வேண்டும்.

முற்றத்தில் அண்டா

நகரத்தார் பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து சம்பாதித்தவர்கள். சொந்த ஊரில் அரண்மனை மாதிரி வீடு கட்டினார்கள். முன்வாசல் ஒரு தெருவில். பின்வாசல் அடுத்த தெருவில்!

தேக்குத் தூணையும் ஆத்தங்குடிக் கல்லையும் பார்த்து எல்லோரும் வாய் பிளப்பார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பவர்கள் குறைவு. ஆனால் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

கூரை முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். ஓட்டில் விழுந்த மழை முற்றத்துக்கு வரும். அண்டா வைத்துப் பிடிப்பார்கள். மிஞ்சியது கிணற்றுக்கு. அதிலும் மிஞ்சியது தெரு வாய்க்கால் வழியே ஊருணிக்கு. ஆமாம், தெருவையே சரிவு பார்த்துப் போட்டிருந்தார்கள்!

ஊர் உண்ணும் நீர்

ஊர் உண்ணுவதால் ஊருணி. கொடையாளியின் செல்வத்துக்கு வள்ளுவர் சொன்ன உவமையும் இதுதான். செம்புரான் கல்லால் கரை, இறங்கப் படிக்கட்டு. குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக் கூடாது. துணி துவைக்கக் கூடாது. குளிப்பதற்குக் குளம் தனி. வயலுக்குக் கண்மாய் தனி.

சுற்றிலும் பொட்டல். அது வீணாய்க் கிடக்கும் நிலம் அல்ல. மழைநீர் திரண்டு வரும் இடமே அதுதான். எங்கே வீடு, எங்கே நீர், எங்கே வெறும் நிலம் என்பதை அன்றே வகுத்து விட்டார்கள். இன்று கல்லூரியில் இதற்கு நில உபயோகத் திட்டம் என்று பெயர்.

பூட்டிய வீடுகள்

1930-களில் வியாபாரம் படுத்தது. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. செட்டிநாட்டில் பல வீடுகளுக்குப் பூட்டு விழுந்தது. தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன.

கொத்தமங்கலத்தில் ஒரு வீடு தப்பியது. சாரதா விலாசத்தை இரண்டு பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர்கள் பழுது பார்த்து விடுதியாக்கினார்கள். 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாட்டு ஊர்கள் இடம் பெற்றன.

நல்லதுதான். ஆனால் தூண் போனால் கண்ணுக்குத் தெரியும். வரத்துக்கால் தூர்ந்தால் யாருக்குத் தெரியும்?

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் வந்தது. ஓர் ஊருக்கு மட்டும் அல்ல, ஒரு வட்டாரம் முழுவதற்கும் திட்டம் போட அதில் இடம் உண்டு. தண்ணீருக்கு ஊர் எல்லை தெரியாது அல்லவா?

2001-ல் உச்ச நீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமக் குளத்தை வீட்டுமனையாகக் கொடுத்தது செல்லாது என்றது. 2003-ல் தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புக் கட்டாயமானது. கொத்தமங்கலத்து அண்டாவுக்கு அது பழைய செய்தி!

2007-ல் ஏரி ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் வந்தது. ஆனால் அது பொதுப்பணித் துறையின் ஏரி, கண்மாய்களுக்காக எழுதப்பட்டது. கிராமத்து ஊருணிகள் பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பு. ஊராட்சி கண் அயர்ந்தால் கரை நகரும்.

2024-ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. நகரம் வளர்ந்தால் மனைக்குக் கிராக்கி. பொட்டலில் நாலு கல் நட்டால் மனை தயார். கல் நட்ட இடம் வரத்துக்காலாக இருந்தால் ஊருணிக்குத் தண்ணீர் போகாது. அது மட்டுமா? அடைமழையில் அதே தண்ணீர் புதுவீட்டுக் கூடத்தில் வந்து நிற்கும்!

மனை வாங்குகிறவர்கள் புரோக்கர் காட்டும் படத்தோடு நின்று விட வேண்டாம். சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் போகலாம். 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். கிராம வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், ஊருணி இருக்கும். அந்த வாய்க்கால் தரையில் எங்கே ஓடுகிறது என்று, முடிந்தால் ஒரு மழை நாளில், நடந்து போய்ப் பார்த்து விட்டு முன்பணம் கொடுக்கலாம்.