நெல் வயலில் எப்போதும் தண்ணீர் நிற்கணுமா?

"நெல்லுன்னா தண்ணி நின்னுட்டே இருக்கணும்" என்பார்கள். அது அவசியமில்லை.

முதலில் சேற்றுழவை நல்லா செய்யுங்க. சேறு மண்ணின் துளைகளை அடைப்பதால் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்காது. அடுத்து, வயலைச் சமப்படுத்துங்க. மேடு இருந்தால் அங்கே களை மண்டும்.

நட்டு இரண்டு வாரம் கழித்து, துளையிட்ட 30 செ.மீ. குழாயைப் பாதியளவு மண்ணில் பதித்து, உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிடுங்க. குழாய்க்குள் நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, 5 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டினால் போதும். பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீங்க, பதர் கூடிடும்.

மோட்டார் ஓடும் நேரம் குறையும். வாய்க்கால் பாசனமென்றால், மிச்சமாகும் தண்ணீர் கடைமடைக்கு உதவும்.

அணை நீர்மட்டம், வாடகை இயந்திர விவரங்களை உழவன் செயலியில் பாருங்க.