நினைவில்லாமல் விழித்தெழும் கணினி

சென்ற வருட இறுதி விடுமுறையில் எங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தார்கள். முன்னறையில் இருந்த கணினியைத் தூக்கி உம்மாவின் தையல் அறையில் வைத்தோம். நான்கு நாட்களின் பின் திரும்பக் கொண்டுவந்து ஆளியை அழுத்தியபோது காற்றாடி சுழன்றது, முன்பக்கத்துச் சிறு விளக்கும் எரிந்தது. திரை மாத்திரம் கறுப்பாகவே இருந்தது. பெட்டிக்குள்ளிருந்து ‘பீப், பீப், பீப்’ என மூன்று ஒலிகள் வந்தன. பிறகு ஒன்றுமில்லை. நிறுத்திவிட்டு மீண்டும் போட்டோம். மீண்டும் அதே மூன்று.

திருத்தும் கடையொன்றில் காட்டினோம். தாய்ப்பலகை போய்விட்டது, இந்த மொடல் இனிக் கிடைக்காது, புதிதாக ஒன்று வாங்குவதுதான் நல்லது என்றார்கள். சொன்ன விலை 80,000 ரூபாய். வாப்பா ஒன்றும் பேசாமல் பெட்டியை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். சீட்டுக் காசு எடுக்கும் மாதத்தை அவர் மனதுக்குள் கணக்குப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்திருப்பவள் நான். அதனால் அந்தச் செலவு என்னால் வந்ததுபோலவே எனக்குப் பட்டது.

ஆனால் ஒரு கேள்வி மனதை அரித்தது. தாய்ப்பலகை செத்துவிட்டது என்றால், அந்த மூன்று ஒலியை எழுப்பியது யார்?

எங்கள் பாடப்புத்தகம் கணினி தொடங்கும் கதையை ஓரிரு வரிகளில் முடித்துவிடுகிறது. வன்தட்டில் இருக்கும் பணிசெயல் முறைமை முதன்மை நினைவகத்துக்கு ஏற்றப்பட்டு, அங்கிருந்து இயங்கத் தொடங்குகிறது. சரி, ஏற்றுவது யார்? இன்னொரு செய்நிரல். செய்நிரல் இயங்க வேண்டுமானால் அது நினைவகத்தில் இருக்க வேண்டும். அதை அங்கே ஏற்றியது யார்? இப்படியே பின்னால் போனால் முட்டையா கோழியா என்ற இடத்துக்கு வந்துவிடுகிறோம். ‘பூட்’ என்ற சொல்லே இந்தச் சிக்கலிலிருந்துதான் பிறந்தது. தன் சப்பாத்தின் வாரைத் தானே பிடித்துத் தன்னை மேலே தூக்கிக்கொள்ளும் ஒருவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு பேச்சு வழக்கு உண்டு. அந்த வாரின் பெயர்தான் சுருங்கி ‘பூட்’ ஆனது.

ஒரு காலத்தில் இந்த முதல் தூக்கலை மனிதரே செய்தார்கள். 1975 இல் வந்த ஆல்டயர் 8800 என்ற கணினியின் முன்பக்கத்தில் வரிசையாக ஆளிகள் இருந்தன. முதல் செய்நிரலை ஒவ்வொரு பைட்டாக அந்த ஆளிகளை மேலும் கீழும் தட்டி உள்ளே கொடுக்க வேண்டும். பில் கேட்ஸும் போல் அலனும் அந்தக் கணினிக்காக எழுதிய பேசிக் மொழியைக் காட்டுவதற்கு அலன் விமானத்தில் போனார். கடதாசி நாடாவிலிருந்து அதை ஏற்றும் சிறு செய்நிரலை எழுதவே மறந்துவிட்டோம் என்பது விமானம் இறங்கப்போகும் நேரத்தில்தான் அவருக்கு ஞாபகம் வந்ததாம். ஆசனத்தில் இருந்தபடியே எழுதி முடித்தார். பரீட்சை மண்டப வாசலில் குறிப்பெழுதும் நம்மவர்களுக்கு இது ஆறுதலாக இருக்கலாம்.

இன்று அந்தச் செய்நிரல் தாய்ப்பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் எட்டுக் கால் கொண்ட சிறிய சில்லொன்றில் நிரந்தரமாக இருக்கிறது. இதைத்தான் நிலைபொருள் என்கிறோம். பழைய கணினிகளில் பயோஸ் என்றும் புதியவற்றில் யு.ஈ.எஃப்.ஐ. என்றும் அழைக்கப்படுவது இதுவே. மின்சாரம் நின்றாலும் இந்தச் சில்லில் உள்ளது அழியாது.

ஆளியை அழுத்தியவுடனேயே அது ஓடத் தொடங்குவதில்லை. முதலில் மின் வழங்கி 12, 5, 3.3 வோல்ற்று அழுத்தங்களைத் தளம்பாமல் நிலைநிறுத்த வேண்டும். அதற்கு அரைச் செக்கன் வரை எடுக்கலாம். பிறகு ‘மின்சாரம் சரி’ என்று தனியான ஒரு கம்பியில் சைகை அனுப்பும். அதுவரை முறைவழியாக்கி, அதாவது புரோசசர், அடக்கி வைக்கப்பட்டிருக்கும்.

விடுவிக்கப்பட்டதும் அதற்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும்: எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்பது. இன்டெல் வகை முறைவழியாக்கிகளில் அது 4 கிகாபைட் எல்லைக்குச் சரியாக 16 பைட் கீழே உள்ளது. 1978 இல் வந்த 8086 இல் 1 மெகாபைட் எல்லைக்கு 16 பைட் கீழே இருந்தது. 16 பைட்டுக்குள் பெரிதாக எதையும் எழுத முடியாது. ‘இன்ன இடத்துக்குத் தாவு’ என்ற ஒரு கட்டளை மாத்திரம் அங்கே இருக்கும். அந்த முகவரியில் றாம் இல்லை. தாய்ப்பலகையின் சுற்றுகள் நான் மேலே சொன்ன எட்டுக்கால் சில்லை அந்த முகவரியில் காட்டுகின்றன.

இங்கேதான் உண்மையான சிக்கல் ஆரம்பிக்கிறது. செய்நிரலை வாசிக்கலாம், ஆனால் விடையை எழுதிவைக்க இடமில்லை. பல கிகாபைட் றாம் பொருத்தியிருந்தும் அந்த நேரத்தில் அது வெறும் பலகைதான்.

ஏன் என்று விளங்க றாமின் உள்ளே பார்க்க வேண்டும். அதில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கொள்ளளவியில் சேமிக்கப்படும் ஏற்றம். கொள்ளளவி ஓட்டைக் குடம் மாதிரி. ஏற்றம் ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லிசெக்கனுக்குள் எல்லா வரிசைகளையும் ஒரு தடவை வாசித்து மீண்டும் நிரப்ப வேண்டும். அதைச் செய்வது நினைவகக் கட்டுப்படுத்தி. எத்தனை வரிசை, எந்த வேகம், எவ்வளவு தாமதம் என்று யாராவது சொல்லிக்கொடுக்கும்வரை அது சும்மா இருக்கும். சொல்லிக்கொடுக்க வேண்டியது நிலைபொருள். ஆக, நினைவகத்தை எழுப்பும் செய்நிரல் நினைவகம் இல்லாமலேயே ஓட வேண்டும்.

புது வீட்டுக்குக் குடிபோன முதல் நாளை நினைத்துப் பாருங்கள். மேசையும் இல்லை, கொப்பியும் இல்லை. தொலைபேசி இலக்கத்தை உள்ளங்கையில்தான் எழுதிக்கொள்வோம். முறைவழியாக்கியின் உள்ளங்கை அதன் பதிவகங்கள். 32 பிட் முறையில் பொதுத் தேவைக்கென எட்டுப் பதிவகங்கள் உண்டு. ஒவ்வொன்றும் 4 பைட், எல்லாம் சேர்த்து 32 பைட். ஒரு சார்பை அழைத்துவிட்டு எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்துவைக்கும் அடுக்குக்குக்கூட வேறு இடம் கிடையாது. 1999 இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ரொன் மினிச் தொடங்கிய லினக்ஸ்பயோஸ் திட்டத்தில் இந்தத் தொல்லைக்காகவே ஒரு தொகுப்பி எழுதினார்கள். சி மொழியில் எழுதியதை அது நினைவகமே தொடாமல் பதிவகங்களுக்குள் மாத்திரம் ஓடும்படி மாற்றிக் கொடுத்தது. அந்தத் திட்டம் இன்று கோர்பூட் என்ற பெயரில் குரோம்புக் மடிகணினிகளில் இருக்கிறது.

பிறகு கிடைத்த வழி இன்னும் அழகானது. முறைவழியாக்கிக்குள்ளேயே பதுக்கு நினைவகம் இருக்கிறதல்லவா? அது கொள்ளளவியால் ஆனதல்ல. ஒவ்வொரு பிட்டுக்கும் பொதுவாக ஆறு திரான்சிற்றர்கள், ஒழுகாது, நிரப்பத் தேவையுமில்லை. சாதாரணமாக அது றாமில் உள்ளதன் பிரதியை மாத்திரம் வைத்திருக்கும். நிலைபொருள் அதைப் பார்த்து, ‘பின்னால் றாம் இருப்பதாக நினைத்துக்கொள், ஆனால் எதையும் வெளியே அனுப்பாதே’ என்று அமைத்துவிடுகிறது. சில நூறு கிலோபைட் இடம் கிடைத்துவிடும். தற்காலிகமான இந்த மேசையில் இருந்துகொண்டுதான் உண்மையான நினைவகத்தைத் தயார்செய்யும் வேலை நடக்கிறது. (ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் வகைகளில் இதற்கென்றே உள்ளே தனியான ஒரு சிறு முறைவழியாக்கி இருக்கிறது. பிரதானமானது விழிக்கும்போது றாம் தயாராகியிருக்கும்.)

முதல் வேலை அறிமுகம். ஒவ்வொரு றாம் பலகையிலும் நினைவகச் சில்லுகளுக்கு நடுவே ஒரு குட்டிச் சில்லு உண்டு. டி.டி.ஆர்.3 வகையில் அதன் கொள்ளளவு வெறும் 256 பைட். அந்தப் பலகையின் கொள்ளளவு, வேகம், தாமதங்கள், தயாரித்தவர் எல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும். நம் பாடசாலை அடையாள அட்டை மாதிரி. நிலைபொருள் இரண்டே கம்பிகள் மூலம் அதை வாசித்து, கட்டுப்படுத்திக்குத் தேவையான எண்களைக் கணக்கிடுகிறது.

அடுத்தது பயிற்சி. பெயரே அதுதான், நான் வைத்ததல்ல. டி.டி.ஆர்.3 1600 வகை றாமில் ஒவ்வொரு கம்பியிலும் செக்கனுக்கு 160 கோடி தடவை தரவு மாறுகிறது. ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் 0.625 நானோசெக்கன். அந்த நேரத்தில் பலகையின் செப்புக் கோட்டில் சைகை ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர்தான் பயணம் செய்யும். ஆகவே ஒரு கோடு மற்றதைவிட ஒரு சென்ரிமீற்றர் நீண்டிருந்தாலும் கணக்கில் எடுக்க வேண்டும். கட்டளைகள் ஒரு சில்லிலிருந்து அடுத்த சில்லுக்கென்று வரிசையாகப் போவதால் கடைசிச் சில்லுக்குப் பிந்தியே கிடைக்கும். இதை முன்கூட்டியே எழுதிவைக்க முடியாது. ஒவ்வொரு தாய்ப்பலகைக்கும் ஒவ்வொரு றாமுக்கும் வேறுபடும்.

அதனால் நிலைபொருள் பரீட்சித்துப் பார்க்கிறது. தெரிந்த ஒரு கோலத்தை எழுதி, திரும்ப வாசிக்கிறது. பிழையா? தாமதத்தைச் சிறிது கூட்டி மீண்டும் வாசிக்கிறது. ஓர் இடத்தில் சரியாக வரத் தொடங்கும். இன்னும் கூட்டினால் மீண்டும் பிழைக்கும். அந்த இரு எல்லைகளையும் குறித்துக்கொண்டு நடுவில் நிறுத்திவிடும். எங்கள் உம்மம்மா பழைய வானொலியில் முஸ்லிம் சேவையைப் பிடிப்பதும் இப்படித்தான்: முள்ளை இந்தப் பக்கம் இரைச்சல் வரும்வரை திருப்பி, மற்றப் பக்கமும் இரைச்சல் வரும்வரை திருப்பி, நடுவில் விட்டுவிடுவார். எழுதுவதற்கும் வாசிப்பதற்கும் தனித்தனியாக இதைச் செய்து, முடிவுகளைப் பெரும்பாலும் அந்த எட்டுக்கால் சில்லிலேயே பதிந்து வைப்பதால் மறுநாள் தொடங்குவது விரைவாக இருக்கும். றாமை மாற்றினால் முழுவதையும் திரும்பச் செய்ய வேண்டும். புதிய டி.டி.ஆர்.5 கணினிகளில் முதல் தடவை திரை ஒரு சில நிமிடங்கள்கூடக் கறுப்பாக இருக்கலாம். பொறுமையில்லாமல் நிறுத்திவிடாதீர்கள்.

றாம் தயாரானதும் நிலைபொருள் தன்னையே அதில் பிரதிசெய்துகொண்டு, பதுக்கு நினைவகத்தை அதன் வழக்கமான வேலைக்கு விட்டுவிடுகிறது. மீதி எளிது. திரை, விசைப்பலகை, வன்தட்டு என்று ஒவ்வொன்றாக எழுப்பும். பழைய பயோஸ் வன்தட்டின் முதல் 512 பைட்டை வாசித்து, அதன் கடைசியில் 85, 170 என்ற இரு எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, நினைவகத்தின் 31,744 ஆம் முகவரியில் வைத்து அங்கே தாவும். அந்தச் சிறு துண்டு பெரிய பூட் லோடரைக் கூப்பிடும், அது பணிசெயல் முறைமையைக் கூப்பிடும். யு.ஈ.எஃப்.ஐ. வன்தட்டிலுள்ள தனிப் பிரிவொன்றிலிருந்து பூட் லோடரை ஒரு கோப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

இந்த ஒழுங்கைக் கவனித்தீர்களா? சாதாரணமாகத் திரை எழுவது றாமுக்குப் பிறகு. றாமில் கோளாறு என்றால் அதை எழுதிக் காட்டத் திரை கிடையாது. நினைவகம் இல்லாமலேயே செய்யக்கூடிய ஒரே முறைப்பாடு ஒலிபெருக்கியைத் தட்டுவதுதான். எங்கள் கணினியின் பயோஸை எழுதியது அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் நிறுவனம். நானாவின் பழைய கோப்பில் கிடந்த தாய்ப்பலகைக் கைநூலைப் பார்த்தேன். மூன்று குறுகிய ஒலி என்றால் நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டை எழுதி வாசிக்க முடியவில்லை என்று பொருள். அதாவது மின் வழங்கி சரி, முறைவழியாக்கி சரி, நிலைபொருள் சில்லு சரி, தாய்ப்பலகையின் பெரும்பகுதியும் சரி. இவை எல்லாம் உயிரோடு இருந்தால்தான் அந்த ‘பீப்’ வரும். முறைப்பாடு சொல்லும் ஆளை மையித்து என்று சொல்லிவிட்டார்கள்!

நானா வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்ததும் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்கிக்கொண்டு திறந்தோம். இரண்டு றாம் பலகைகள், ஒவ்வொன்றும் 2 கிகாபைட். ஒன்றின் ஒரு மூலை செருகியிலிருந்து சற்று எழும்பியிருந்தது. பெட்டியைத் தூக்கும்போது நடந்திருக்க வேண்டும். இரண்டையும் கழற்றி, தங்க நிறத் தொடுகைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்து அழுத்திப் பொருத்தினோம். உம்மா கதவருகில் நின்றுகொண்டிருந்தார். ஆளியைப் போட்டோம். பீப், பீப், பீப்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நானாதான் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம் என்றார். முதலாவது பலகையுடன் மூன்று ஒலி. அதை எடுத்துவிட்டு அதே செருகியில் மற்றதைப் போட்டோம். திரை கறுப்பாகவே இருந்தது, ஆனால் ஒலியும் வரவில்லை. பயிற்சி நடக்கிறது, தொடாதீர்கள் என்று நான் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரே ஒரு குறுகிய ‘பீப்’. திரையில் வெள்ளை எழுத்துகள். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார்.

பெற்றோருக்கு ஒன்றிரண்டு வார்த்தைகள். ஒலிகளின் பொருள் பயோஸுக்குப் பயோஸ் மாறும். அவார்ட் வகையில் ஒரு நீண்ட ஒலியும் இரு குறுகிய ஒலிகளும் என்றால் திரை அட்டையில் கோளாறு. அதனால் கைநூலை எறியாதீர்கள். கடைக்குப் போகுமுன் எத்தனை ஒலி, நீளமா குறுகலா என்று எழுதிக்கொண்டு போங்கள். ஒலி எழுப்பும் சிறு ஒலிபெருக்கி சில கணினிகளில் பொருத்தப்பட்டிருக்காது. அப்படியானால் மௌனத்தை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது. நிறுத்திப் போடும்போதெல்லாம் திகதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? பெரும்பாலும் தாய்ப்பலகையிலுள்ள சி.ஆர். 2032 என்ற நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்திருக்கும். அதன் விலை மிகக் குறைவு. மின் வழங்கிப் பெட்டியை மாத்திரம் யாரும் வீட்டில் திறக்க வேண்டாம். கம்பியைக் கழற்றிய பின்னும் அதன் பெரிய கொள்ளளவிகளில் ஏற்றம் இருக்கும்.

எங்கள் கணினி இப்போது 2 கிகாபைட்டுடன் ஓடுகிறது. இரண்டு சாளரங்களைத் திறந்தால் மூச்சு வாங்குகிறது. பாவித்த றாம் ஒன்று தேடிக்கொண்டிருக்கிறோம். டி.டி.ஆர்.3 இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. இக்கட்டுரையைத் தட்டச்சுச் செய்ததும் அதில்தான்.