இரண்டு கால்கள், நான்கு முகங்கள்

மின்சாரம் வந்ததும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் முதலில் என்ன செய்யும்? நாம் எழுதிய நிரலை ஓட்டத் தொடங்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். அதற்கு முன்பே அது ஒரு விஷயத்தைத் தீர்மானித்தாக வேண்டும்: நிரல் எங்கே இருக்கிறது? இந்த முதல் தீர்மானம் புரிந்துவிட்டால் சில்லின் பாதி ரகசியம் புரிந்த மாதிரி.

இதைக் கற்றுக்கொள்ள மிகத் தெளிவான பாடம், 1980களில் மோட்டோரோலா நிறுவனம் கொண்டுவந்த 68எச்.சி.11 என்ற 8 பிட் மைக்ரோகன்ட்ரோலர். கார்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் பல்லாண்டு உழைத்த சில்லு அது.

முகவரிகளின் தெரு

இந்தச் சில்லுக்கு 16 முகவரிக் கம்பிகள். ஆகவே அது எட்டக்கூடிய இடங்கள் 65,536. வீட்டுக்கு ஒரு பைட் வீதம் குடியிருக்கும் நீண்ட தெரு என்று வைத்துக்கொள்ளலாம். ஏ8 என்ற வகையில் 0 முதல் 255 வரை ரேம். 4,096இல் தொடங்கி 64 பைட், சில்லை இயக்கும் ரிஜிஸ்டர்களுக்கு. 46,592 முதல் 512 பைட் ஈஈப்ராம். மின்சாரம் போனாலும் அதில் எழுதியது அழியாது. 57,344 முதல் தெருமுனை வரை 8 கிலோபைட் ரோம். மற்றவை காலி மனைகள்.

கடைசி இரண்டு இடங்களில்தான் நிரலின் தொடக்க முகவரி இருக்கிறது. ரீசெட் ஆனதும் சில்லு வழக்கமாக அங்கே போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கும்.

முகம் மாறும் விதம்

ரீசெட்டிலிருந்து வெளிவரும் கணத்தில் 'மோட் ஏ', 'மோட் பி' என்ற இரண்டு கால்களில் மின்னழுத்தம் இருக்கிறதா என்று சில்லு கவனிக்கிறது. இரண்டு கால்கள், நான்கு சேர்க்கைகள், நான்கு இயக்க முறைகள்.

முதலாவது தனிச்சில்லு முறை. நினைவகம் முழுவதும் உள்ளேயே. கால்கள் உணரிகளுக்கும் மோட்டார்களுக்கும் கிடைக்கும். இரண்டாவது விரிவாக்க முறை. இதில் 18 கால்கள் வெளி நினைவகத்தோடு பேசும் பணிக்குப் போய்விடும். கால்களை மிச்சப்படுத்த, முகவரியின் கீழ்ப்பாதி 8 பிட்டும் தரவின் 8 பிட்டும் ஒரே கால்களில் அடுத்தடுத்து வரும். முகவரியைப் பிடித்துவைக்க வெளியே ஒரு லாட்ச் சில்லு தேவை. வெளி நினைவகத்தைக் காலி மனைகளில் குடியேற்றலாம். அதற்கு விலை கால்கள். உள் நினைவகமும் வெளி நினைவகமும் ஒரே முகவரிக்கு உரிமை கோரினால், உள்ளே இருப்பதுதான் வெல்லும். வெளியே பொருத்திய ரேமின் ஒரு பகுதி மட்டும் ஏன் பதில் தரவில்லை என்று தவிப்பவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ரேமையும் ரிஜிஸ்டர்களையும் வேறு முகவரிக்கு மாற்றிவைக்கவும் வழி உண்டு. ஆனால் ரீசெட்டுக்குப் பின் முதல் 64 கடிகாரத் துடிப்புகளுக்குள் செய்துவிட வேண்டும். 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் அது 32 மைக்ரோநொடி. பிறகு கதவு பூட்டிக்கொள்ளும். தடம்புரண்ட நிரல் ஒன்று நினைவகத்தையே இடம்பெயர்த்துவிடக் கூடாது என்ற முன்யோசனை இது.

மூன்றாவது முறை, தயாரிப்பாளரின் சோதனைகளுக்கானது. நான்காவதுதான் என்னை இன்றும் வியக்க வைப்பது: பூட்ஸ்ட்ராப் முறை. இதில் மட்டும், 48,960 முதல் மறைந்திருக்கும் 192 பைட் ரோம் விழித்துக்கொள்கிறது. சீரியல் கம்பி வழியாகக் கணினி அனுப்பும் 256 பைட்டுகளை வாங்கி ரேமில் நிரப்பி, அங்கிருந்தே ஓட்டத் தொடங்குகிறது. நிரலே எழுதப்படாத சில்லுக்கும், பிழையான நிரலில் சிக்கிய சில்லுக்கும் இது மீட்சி.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃப்ரெட் மார்ட்டின் வடிவமைத்த 'ஹேண்டி போர்டு' என்ற ரோபோ பலகை இந்த வசதியை அழகாகப் பயன்படுத்தியது. அதில் 32 கிலோபைட் வெளி ரேம், மின்கலத்தின் தயவில் நினைவிழக்காமல் இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தியபடி பலகையை இயக்கினால் பூட்ஸ்ட்ராப் முறை. முதலில் ஏறும் சிறு நிரல், பெரிய நிரல் ஏறுவதற்கு வழி திறக்கும். மாணவர்கள் அச்சமின்றிப் பிழை செய்து கற்க முடிந்தது.

இன்றைய எஸ்.டி.எம்.32 சில்லுகளில் நினைவகம் பல மடங்கு பெருகிவிட்டது. ஆனாலும் 'பூட் 0' போன்ற கால்கள் இருக்கின்றன. ஃபிளாஷிலிருந்தா, உள்ளே பதிந்த பூட்லோடரிலிருந்தா, ரேமிலிருந்தா என்று கேட்டுத்தான் அவை கண்விழிக்கின்றன. பொத்தானை அழுத்தினால் நிரல் ஏறிவிடும் வசதியோடு பழகும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். புதிய சில்லைக் கையில் எடுத்ததும் அதன் கையேட்டில் நினைவக வரைபடத்தையும் இயக்க முறைகளின் அட்டவணையையும் முதலில் படியுங்கள். சில்லு பதில் தராமல் நிற்கும் நாளில், எந்தக் காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும் என்று அந்தப் பக்கங்களே சொல்லும்.